முதல் பக்கம் எது? – எல்ஃப்க்வெஸ்ட் தொகுப்புகளும் வாசிப்பு வரிசையும்

நீண்ட தொடர்கதைகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: எதை முதலில் படிப்பது? கேட்பவர் பெரும்பாலும் ஒரு பட்டியலை எதிர்பார்த்தே கேட்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் ஒரு விமர்சனத் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கதை என்பது அதில் நடந்த நிகழ்ச்சிகளின் வரிசையா, அல்லது அவை நமக்குச் சொல்லப்பட்ட வரிசையா என்ற பழைய கேள்விக்கு, பட்டியல் போடுகிறவர் தம்மை அறியாமலே விடை சொல்லிவிடுகிறார்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பின்னரே வந்தது. கதைக்காலத்தில் பார்த்தால் சிவகாமியே முந்தியவள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளில், எது முதலில் கைக்குக் கிடைத்ததோ அதுவே முதற்புத்தகமாயிற்று. 'பார்த்திபன் கனவி'ல் ஒரு மாறுவேடம் உண்டு. 'சிவகாமியின் சபத'த்தில் நரசிம்மவர்மரோடு நெருங்கிப் பழகிவிட்டு வருகிற வாசகரிடம் அந்த வேடம் நெடுநேரம் நிற்பதில்லை. அந்த இழப்புக்கு ஈடாக வேறொன்று கிடைக்கிறது: அந்த மன்னரின் முதிர்ச்சிக்குப் பின்னால் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். வரிசை மாறும்போது புத்தகமும் மாறிவிடுகிறது.

இந்த நினைவோடுதான் நாம் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். 1978இல் தொடங்கி 2018 வரை நாற்பது ஆண்டுகள் நீண்டு, அதற்குப் பிறகும் ஒரு பின்கதை கண்ட 'எல்ஃப்க்வெஸ்ட்' அது. கறுப்பு வெள்ளை இதழாக, வண்ணப் புத்தகமாக, பிற நிறுவனங்களின் மறுபதிப்பாக, கைப்புத்தகமாக, செங்கல் கனத் தொகுப்பாக அது மீண்டும் மீண்டும் வடிவம் மாறி வந்திருக்கிறது. சித்திரக்கதை என்பது படித்துவிட்டுப் போடும் தாளா, அலமாரியில் வைக்கும் நூலா என்ற கேள்விக்கு அமெரிக்கப் புத்தகக் கடைகள் விடை மாற்றிக்கொண்ட வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. எதை முதலில் படிப்பது என்ற கேள்வி இந்தத் தொடரில் எழுவதுபோல் அத்தனை கூர்மையாக வேறெங்கும் எழுந்து நாம் கண்டதில்லை.

*

இதைப் படைத்தவர்கள் வெண்டி பினி, ரிச்சர்ட் பினி என்ற தம்பதியர். அவர்களுடைய அறிமுகமே ஒரு சித்திரக்கதை இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில்தான் நேர்ந்தது. 1969இல் 'சில்வர் சர்ஃபர்' ஐந்தாம் இதழில் வெண்டி எழுதிய கடிதம் அச்சானது. அதைப் படித்த ரிச்சர்ட் அவருக்கு எழுதினார். 1972இல் மணம் புரிந்துகொண்டார்கள். வெண்டி ஓவியர், கதாசிரியர். ரிச்சர்ட் எம்.ஐ.டி.யில் பயின்றவர், கதையில் பங்கேற்றதோடு பதிப்பு, அச்சு, விநியோகம் என்ற மறுபாதிச் சுமையையும் ஏற்றார்.

முதற்கதை 1978இல் 'ஃபேன்டஸி குவார்ட்டர்லி' என்ற பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை ஓர் இதழோடு நின்றுபோயிற்று. அச்சுத்தரமும் படைப்பாளிகளுக்கு உவப்பாக இல்லை. இருவரும் தம் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'வார்ப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு சிறு பதிப்பகத்தைத் தாமே தொடங்கினார்கள். முதற்கதைதான் ஏற்கெனவே வெளியாகிவிட்டதே என்பதால், தம் பதிப்பகத்தின் பெயரில் அவர்கள் முதலில் வெளியிட்டது இரண்டாம் இதழை. முதல் இதழைத் திரும்ப அச்சிட்டு வெளியிட்டது 1979இல். ஆக, இந்தத் தொடரில் இரண்டுக்குப் பின்னரே ஒன்று வந்தது. வாசிப்பு வரிசைக் குழப்பம் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

வழக்கமான அமெரிக்கக் காமிக்ஸைவிடப் பெரிய அளவு, வண்ண அட்டை, உள்ளே கறுப்பு வெள்ளை. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று இதழ்கள். இந்த நடையில் 20 இதழ்கள் வந்து, 1984 அக்டோபரில் மூலக்கதை நிறைவுற்றது. பெரிய நிறுவனங்களின் மேலாடை வீரர்கள் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நின்ற காலத்தில், தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஒரே கதையை, ஒரு பெண் ஓவியரின் கையால், படைத்தவர்களே உரிமையாளர்களாக இருந்து சொல்லி முடித்தது அன்று அரிய செயல். காமிக்ஸ் கடைப்பக்கம் அதிகம் வராத பெண் வாசகர்களை இந்தத் தொடர் பெருமளவில் ஈர்த்ததும் அதனால்தான்.

*

கதை தெரியாதவர்களுக்காகச் சிறு குறிப்பு. இரண்டு நிலாக்கள் கொண்ட ஓர் உலகம். அங்கே காட்டில் வாழும் எல்ஃப் இனக்குழு ஒன்று ஓநாய்களோடு உறவு பூண்டு, அவற்றின்மீது ஏறித் திரிகிறது. ஆகவே அவர்களுக்கு ஓநாய்ச் சவாரியினர் என்று பெயர். இளந்தலைவன் கட்டர். அவன் உயிர்த்தோழன் விண்மீன்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கைவைஸ். மனிதர்கள் அவர்களுடைய காட்டைக் கொளுத்துகிறார்கள். சுரங்கவாசிகளான ட்ரோல்கள் வழிகாட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போய்ப் பாலைவனத்தில் விட்டு ஏமாற்றுகிறார்கள். சாவின் விளிம்பில் பாலையைக் கடந்தவர்கள், தம்மைப் போன்ற வேறொரு எல்ஃப் குடி அங்கே ஊர் அமைத்து வாழ்வதைக் காண்கிறார்கள். உலகில் தாம் மட்டுமே இருப்பதாக நம்பிய இனத்துக்கு அது பேரதிர்ச்சி. அப்படியானால் இன்னும் எத்தனை பேர் எங்கெங்கே இருக்கிறார்கள்? நாமெல்லாம் எங்கிருந்து வந்தோம்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு கட்டர் புறப்படுவதே தலைப்பிலுள்ள தேடல்.

இதில் இரண்டு வகையான காலங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஓநாய்க் குருதி கலந்தவர்கள் என்பதால் கட்டரின் மக்களுக்கு மரணம் உண்டு. ஓநாயைப் போலவே அவர்கள் இந்தக் கணத்தில் வாழ்கிறார்கள். நேற்று மங்கிவிடும், நாளை ஒரு பொருட்டன்று. சூரிய ஊரின் மூதாட்டி சவாவோ தன் மக்களின் நினைவாகவே இருப்பவள். ஒரு பக்கம் கணம், மறுபக்கம் நினைவு. கட்டர் ஒரு கணவாசி. வாழ்வில் முதன்முறையாக நினைவைத் தேடிப் போகிறான். அவனுக்கு வரலாறு ஒழுங்கான வரிசையில் கிடைப்பதில்லை. ஒரு பாட்டியின் சொல், ஒரு மலைக்குள் ஒளிந்து வாழும் கர்வம் பிடித்த கூட்டம், பனிநாட்டுப் போர் எனத் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. இருபதாம் இதழில்தான் துண்டுகள் ஒன்றுசேர்ந்து முகம் தெரிகிறது.

முதல் இதழின் தொடக்கப் பக்கங்களிலேயே மூதாதையரான மேலோரின் மாளிகை இந்த உலகில் தோன்றுவதையும், அவர்களை மனிதர்கள் தாக்குவதையும் வெண்டி காட்டிவிடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அது ஏன் நடந்தது, அவர்கள் யார், ஓநாய்க் குருதி எப்படிக் கலந்தது என்பவை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே சொல்லப்படுகின்றன. என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியும்; அதன் பொருள் தெரியாது. கட்டருக்கு இரண்டுமே தெரியாது. இந்தச் சிறிய இடைவெளிதான் மூலக்கதையின் உயிர்நாடி.

*

இனித் தொகுப்புகள். 1981இல் டானிங் நிறுவனத்தின் ஸ்டார்பிளேஸ் வரிசையில் எல்ஃப்க்வெஸ்டின் முதற்புத்தகம் வெளிவந்தது. ஐந்து இதழ்களைச் சேர்த்து, வண்ணம் பூசி, கெட்டியான தாளில் அச்சிட்ட நூல். இந்தக் கணக்கில் நான்கு புத்தகங்களில் மூலக்கதை அடங்கிற்று. அமெரிக்கப் பொதுப் புத்தகக் கடைகள் காமிக்ஸை நூலாக ஏற்காத காலம் அது. இரும்புச் சுழல்தட்டில் தொங்கி, மாதம் முடிந்தால் மறைந்துவிடும் பண்டமாகவே அது கருதப்பட்டது. முதுகில் பெயர் பொறித்த சித்திரக்கதைத் தொகுப்புகள் வரிசையாக நாவல்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்த முதல் நிகழ்வுகளில் எல்ஃப்க்வெஸ்டும் ஒன்று. 'மௌஸ்' நூலாக வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது 1986இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே இது நடந்தது.

அந்தத் தொகுப்பு கதையை என்ன செய்தது என்று பார்ப்போம். ஐந்தாம் இதழுக்கும் ஆறாம் இதழுக்கும் நடுவே கதையில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பாலைவன ஊரில் கட்டருக்கும் வைத்தியை லீட்டாவுக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்து வளர்ந்துவிடுகிறார்கள். இதழ்களில் படித்தவருக்கு அது வழக்கமான நான்கு மாத இடைவெளி. நூலில் படித்தவருக்கோ அது முதற்புத்தகத்தின் கடைசி அட்டை. ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறக்கும் செயல் அந்த ஏழு ஆண்டுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தொகுப்பு கதையின் மூட்டை அறிந்து வெட்டிய இடம் இது.

எல்லாத் தொகுப்பும் இப்படி அமையவில்லை. 1985 முதல் 1988 வரை மார்வெலின் எபிக் பிரிவு மூலக்கதையை வண்ணத்தில் மறுபதிப்புச் செய்தது. அளவு சிறிய வழக்கமான காமிக்ஸ் அளவு. பக்கக் கணக்குக்காக 20 இதழ்கள் 32 ஆகப் பிரிக்கப்பட்டன. அதனால் ஊசலாட்டத்தில் நிறுத்தும் இடங்கள் புதிதாகத் தோன்றின. பழைய முடிவுகள் சில நடுப்பக்கங்களாகிப் போயின. சிறு ஊர்களின் பத்திரிகைக் கடைவரை கதை சென்றது இந்தப் பதிப்பால்தான் என்பதையும் மறக்கலாகாது. அதன் வழியே கதைக்குள் வந்த ஒரு தலைமுறைக்கு, அந்த 32 நிறுத்தங்களே இயல்பானவை.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பினி தம்பதியர் பிற்பாடு தம் சொந்த வெளியீடாக, மூலக்கதையையும் அடுத்து வந்த இரண்டு தொடர்களையும் சேர்த்து எட்டு வண்ண நூல்களாக்கினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கறுப்பு வெள்ளையில் வாசகர் பதிப்பு வந்தது. 2003இல் வெளியீட்டுப் பொறுப்பு டி.சி. நிறுவனத்துக்குச் சென்றது. அங்கே ஒருபுறம் கெட்டி அட்டை ஆவணப் பதிப்பும், மறுபுறம் ஜப்பானிய மங்காவை நினைவூட்டும் சிறு கைப்புத்தகங்களும் வந்தன. 2008 முதல் பழைய பக்கங்கள் இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. 2014இல் அது மூலக்கதை முழுவதையும் கறுப்பு வெள்ளையில் 700 பக்கங்களைத் தாண்டிய ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. மூல ஓவியங்களைப் படமெடுத்து அதே பேரளவில் அச்சிட்ட காட்சிப் பதிப்பும் வந்தது. மூலப்பக்கங்கள் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன.

இவற்றில் எந்தப் பதிப்பு சிறந்தது என்ற வாக்குவாதம் ஓய்வதில்லை. நம் கட்சி கறுப்பு வெள்ளைக் கட்சி. வண்ணம் அழகாக இல்லை என்பதல்ல காரணம். வெண்டியின் மைக்கோடு தன்னளவில் முழுமையானது. இருட்டுக் காட்டுக்குக் கோடுகளின் நெருக்கமும், பாலைவனத்துக்கு வெற்றுத்தாளின் வெண்மையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தீயிலிருந்து தப்பி வெயிலுக்கு வரும் முதற்பகுதியில் கறுப்பு குறைந்து வெள்ளை பெருகுவதே கதையைச் சொல்லிவிடுகிறது. வண்ணப் பதிப்பில் மணல் மஞ்சளாகிறது, கண் கூசுவதில்லை. தொகுப்பு என்பது தாள்களைச் சேர்த்துத் தைப்பது மட்டுமன்று, ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய வாசிப்பு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

*

மூலக்கதை இருபது இதழோடு நின்றிருந்தால் வாசிப்பு வரிசை பற்றி எழுத ஒன்றும் இருந்திராது. 1987இல் 'நீலமலை முற்றுகை' என்று தமிழில் சொல்லத்தக்க எட்டு இதழ்த் தொடர் வந்தது. 1990 முதல் 1992 வரை 'உடைந்த சக்கரத்தின் அரசர்கள்' என்ற ஒன்பது இதழ்கள் வந்தன. இந்த இரண்டாவதில்தான் எல்லாச் சிக்கலுக்கும் வித்து இருக்கிறது.

கட்டரின் பழைய எதிராளியான ரேயெக், மேலோரின் மாளிகையை எதிர்காலத்துக்குச் செலுத்திவிடுகிறான். மாளிகைக்குள் லீட்டாவும் இரு குழந்தைகளும் இருக்கிறார்கள். கட்டரும் ஸ்கைவைஸும் இனக்குழுவினரும் வெளியே நின்றுபோகிறார்கள். மாளிகை போய்ச்சேரும் இடத்துக்கு நடுவே கிடப்பவை பத்தாயிரம் ஆண்டுகள். உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு கணம். வெளியே இருந்தவர்கள் அதைக் கடந்தாக வேண்டும்: முதலில் விழித்திருந்து, பிறகு பட்டுக்கூடு போன்ற உறைக்குள் உறங்கி. இந்தக் கணத்தில் மட்டுமே வாழத் தெரிந்தவனை, மனைவி மக்களைக் காணப் பத்தாயிரம் ஆண்டு காத்திருக்க வைத்ததுதான் வெண்டி தன் நாயகனுக்குக் கொடுத்த மிகக் கொடிய சோதனை. முதற்கதையில் நினைவைத் தேடிப் போனவன், இங்கே நினைவை விட்டால் வேறெதுவும் இல்லாதவனாகிறான்.

கதைக்குள் பத்தாயிரம் ஆண்டு வெற்றிடம் விழுந்தால் யாருக்குத்தான் அதை நிரப்பும் ஆசை வராது? 1992 முதல் புதிய தலைப்புகள் அணியணியாய் வந்தன. 'மறைந்த ஆண்டுகள்' விடுபட்ட காலங்களுக்குள் புகுந்து பார்க்கத் தொடங்கியது. கட்டருக்கு முந்திய தலைவர்களின் வரலாறு 'பத்துத் தலைவர்களின் குருதி' என்ற பெயரில் 1986 முதல் உரைநடைச் சிறுகதைத் தொகுதிகளாக வந்துகொண்டிருந்தது. 1993இல் அது சித்திரக்கதைத் தொடராகவும் ஆயிற்று. 'ஜிங்க்', 'தி ரெபெல்ஸ்' ஆகியவை இயந்திரங்கள் மலிந்த தொலை எதிர்காலத்துக்குத் தாவின. வெண்டியின் கை மட்டும் போதாமல் பல ஓவியர்கள், பல எழுத்தாளர்கள் சேர்ந்தார்கள். ஆண்டுக்கு மூன்று இதழ் என்றிருந்த உலகில், ஒரே மாதத்தில் பல தலைப்புகள் பல நூற்றாண்டுகளிலிருந்து வந்துசேர்ந்தன. தரம் ஏறி இறங்கிற்று. நம் மதிப்பில் அவற்றில் பாதி இன்று படிக்கத்தக்கவை. மீதி உலகை அகலமாக்கினவே தவிர ஆழமாக்கவில்லை.

காலவரிசைப் பட்டியல்களுக்குத் தேவை எழுந்தது இங்கேதான். பத்துத் தலைவர்களில் தொடங்கி, கட்டரின் பிறப்பு, தேடல், முற்றுகை, இடைக்காலம், எதிர்காலம் என்று நேர்கோட்டில் அடுக்கிவிடலாம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த வரிசையில் முதன்முறை படிக்கப் புகுகிறவருக்கு என்ன ஆகும்? கட்டர் எதைத் தேடிப் போகிறானோ அது அவருக்குப் புறப்படும் முன்னரே தெரிந்திருக்கும். ஓநாய்க் குருதியின் இரகசியத்தை அறிந்தவராய், கட்டரின் அறியாமையை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். தேடல் அவருக்கு வெறும் பயணமாகச் சுருங்கிவிடும். இருபதாம் இதழில் முகம் தெரியும்போது, முன்பே பார்த்த முகம்தானே என்று கடந்துபோவார். அதேபோல் இடைக்காலக் கதைகளை 'உடைந்த சக்கர'த்தின் நடுவே செருகிப் படித்தால், கட்டரின் காத்திருப்பு பல சாகசங்களால் நிரம்பிய சுவையான காலமாகிவிடும். வெற்றிடமாக இருந்ததால்தான் அது வலித்தது. அதை நிரப்பிக் கொடுப்பது கதைக்குச் செய்யும் உதவியன்று.

மாளிகைக்குள் இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் என்ற அந்தப் பிரிவு வாசகர்களுக்கும் பொருந்துவதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். தொகுப்பில் படிப்பவர் லீட்டாவைப் போல. பக்கத்தைப் புரட்டினால் பத்தாயிரம் ஆண்டு தாண்டிவிடுகிறார். இதழ் இதழாகப் படித்தவர் கட்டரோடு வெளியே நின்றவர். 1984இல் மூலக்கதை முடிந்தபின் 1987 வரை, பிறகு 1990 வரை, அவருக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இதழ் என்பது கணம். தொகுப்பு என்பது நினைவு. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று நாம் சொல்லவரவில்லை. தொகுப்பு இல்லையேல் இந்தத் தொடர் நம் கைக்கு வந்தே இராது. நினைவு எதை இழந்துவிட்டு நம்மிடம் வந்திருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது என்று மட்டுமே சொல்கிறோம்.

*

எனவே, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. முதல்முறை படிக்கிறவருக்கு வெளியான வரிசையே சரியான வரிசை. முதலில் மூலக்கதை இருபது இதழ்கள், இயன்றால் கறுப்பு வெள்ளையில். டார்க் ஹார்ஸின் முதற்பெருந்தொகுப்பு இதற்குப் போதும். ஐந்தாம் இதழ் முடிந்ததும் சில நாள் நிறுத்துங்கள். இருபது முடிந்ததும் சில வாரம் நிறுத்துங்கள். பிறகு 'நீலமலை முற்றுகை', அதன்பின் 'உடைந்த சக்கரத்தின் அரசர்கள்'. இவ்விரண்டையும் இரண்டாம் பெருந்தொகுப்பில் காணலாம். இவ்வளவு படித்தால் ஒரு முழு இலக்கிய அனுபவம் கிடைத்துவிடும். இதோடு நிறுத்திக்கொள்பவர் எதையும் இழந்தவரல்லர்.

தொடர விரும்புகிறவர் 'மறைந்த ஆண்டுக'ளில் வெண்டியின் கைவண்ணம் உள்ள தொடக்கக் கதைகளைப் படிக்கலாம். பத்துத் தலைவர்களின் வரலாற்றை இந்தக் கட்டத்தில் எடுப்பதே பொருத்தம். முடிவு தெரிந்தபின் மூலத்துக்குத் திரும்புவது, தாத்தாவின் மறைவுக்குப் பின் அவருடைய பழைய நாட்குறிப்பைப் புரட்டுவது போன்றது. முன்னரே புரட்டியிருந்தால் அத்தனை பொருள் இருந்திராது. தொலை எதிர்காலக் கதைகளை விட்டுவிட்டாலும் குறையில்லை. கடைசியாக, 2013இல் ஒரு சிறப்பிதழோடு தொடங்கி 2018 பிப்ரவரியில் முடிந்த 'இறுதித் தேடல்'. வெண்டியும் ரிச்சர்டும் கட்டரின் கதையைத் தாமே முடித்துவைத்த தொடர் அது. அதன் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. முதல் இதழிலிருந்து கட்டரோடு நடந்து வந்தவருக்கு மட்டுமே அது உரிய கனத்தோடு இறங்கும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பின் 2019இல் தொடங்கிய 'ஸ்டார்கேசர்ஸ் ஹன்ட்' ஸ்கைவைஸின் கதை. அதை ஒரு பின்னுரையாகக் கொள்ளலாம்.

அப்படியானால் காலவரிசைப் பட்டியலுக்குப் பயனே இல்லையா? உண்டு, இரண்டாம் வாசிப்பில். ஒருமுறை கட்டரின் அறியாமையோடு நடந்துவிட்டு, மறுமுறை சவாவின் நினைவோடு நடக்கலாம். அப்போது பழைய தலைவர்கள் முதலில் வருவார்கள். கட்டர் அவர்களில் பதினோராவது ஆளாக, அவர்கள் அனைவரின் சுமையையும் தெரியாமலே சுமப்பவனாக வந்து நிற்பான். அதுவும் ஓர் அழகு. முதற்காதலின் அழகன்று, நீண்ட இல்வாழ்க்கையின் அழகு.

பைண்டு செய்த பழைய தொடர்கதைகளைப் புரட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். அவற்றில் கதைக்கு நடுவே ஒரு துணுக்கு இருக்கும். பாதி கிழிந்த ஒரு விளம்பரம் இருக்கும். ஓரிரு வாரங்கள் விடுபட்டிருக்கும். விடுபட்ட வாரத்தில் என்ன நடந்தது என்பதை வீட்டிலிருந்த யாராவது வாய்மொழியாகச் சொல்லி நிரப்பினார்கள். அச்சு நூல் கைக்கு வந்தபின் அந்த ஓட்டை அடைபட்டது, அந்தக் குரலும் நின்றது. எல்ஃப்க்வெஸ்டை யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த இதழில் எத்தனை காலம் காத்திருந்தார் என்று அவரைக் கேளுங்கள்.